மாமியார் கத்தவில்லை

5

பஞ்சு அந்தக் குப்பியை வேண்டுமென்று ஆட்டவில்லை. இருமல் மருந்தைக் குடிக்கும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து மூடி போட்ட எந்தக் குப்பி கைக்கு வந்தாலும் கை தானாகக் குலுக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவன் கையில் கொடுத்தவர்கள் பேரில்தான் தப்பு.

"ஐயோ!"

"ஆட்டாதீங்க சார்!"

"யாராவது அந்த ஆள்கிட்டேருந்து வாங்குங்க!"

ஆராய்ச்சிக்கூடமே எழுந்து நின்றது. ஒரு பெண் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தலையில் ஈரக் கையை வைத்துக்கொண்டார். பஞ்சு பயந்துபோய்க் குப்பியை உடம்பிலிருந்து எட்ட நீட்டிப் பிடித்தான்.

"ஏன், வெடிச்சிடுமா?"

"வெடிச்சாக்கூடப் பரவாயில்லை. அது புரோட்டீன் சார். குலுக்கினா உருவம் குலைஞ்சு செத்துப்போயிடும்."

"அது ஒரு வாரமா செத்துக் கிடக்குன்னுதானே எங்களைக் கூப்பிட்டீங்க? செத்தவனை ஒரு தடவை உலுக்கிப் பாக்குறது தப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. பஞ்சு தன் முதலாளியம்மாவின் பக்கம் திரும்பினான். அவளாவது முறைப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறையில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

துப்பறியும் வட்டாரத்தில் இந்த இரண்டு பேருக்கும் ஊசியும் பஞ்சும் என்று பெயர். அவள் சுருக்கென்று குத்துவாள். குத்திய இடத்தை இவன் தேய்த்துவிடுவான். ஊசிக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, இன்னும் முனை மழுங்கவில்லை. பஞ்சுவுக்கு முப்பத்தைந்து. வாய்க்கு மட்டும் வயதே கிடையாது.

அப்போதுதான் சாவிக்கொத்து குலுங்க அந்தப் பெண்மணி வந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் இன்சார்ஜ். குப்பி, ஃப்ரீசர், சாவி எல்லாம் அவள் பொறுப்பு. ஐஸில் வைக்காமல் குப்பியைத் தூக்கினால் திட்டு, மூடியை அழுத்தி மூடினால் திட்டு, மூடாவிட்டாலும் திட்டு. அதனால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளை மாமியார் என்றுதான் சொல்வார்கள். இப்போது அவள் பஞ்சுவின் கையிலிருந்து குப்பியை வாங்கி, துடைத்து, ஐஸ் பக்கெட்டில் செருகினாள்.

"போனது போச்சு, விடுங்க. தெரியாத ஆளு" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நல்ல கோட்டுக்கு மேலே முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

குப்பிக்குள் இருந்த சமாசாரத்தைப் பற்றி இரண்டு நாளாக ஆளாளுக்குப் பஞ்சுவிடம் பாடம் நடத்தியிருந்தார்கள். மனித உடம்பில் ஒவ்வொரு செல்லின் தோலிலும் சேதி வாங்குவதற்கென்று காவல்காரர்கள் உண்டு. வெளியே வருகிற சேதியைப் பிடித்து உள்ளே சொல்வது அவர்கள் வேலை. புத்தகத்தில் ஏற்பி என்பார்கள், வாயில் ரிசெப்டர் என்பார்கள். மனிதனிடமிருந்து அதைப் பிடுங்கி எடுத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே அதற்குரிய மனித மரபணுவை வேறு செல்களுக்குள் நுழைத்து, அவற்றை ஜாடியில் வளர்த்து, அவை செய்து கொடுக்கும் ஏற்பியைப் பிரித்துச் சுத்தம் செய்து, குப்பியில் உறைய வைக்கிறார்கள். மருந்து இல்லை, யார் உடம்பிலும் ஏற்ற மாட்டார்கள். எந்தச் சேதி, எந்த மருந்து அதில் போய் ஒட்டுகிறது என்று ஆராய்ச்சியில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

"வீட்டைக் கட்டாம காலிங் பெல்லை மட்டும் தனியா செஞ்சு வெச்சிருக்காங்க" என்று பஞ்சு தன் அளவில் புரிந்துகொண்டான். அது ஒன்றும் தப்பான புரிதல் இல்லை.

இந்தக் குறிப்பிட்ட ஏற்பியை முதலில் உயிரோடு செய்து காட்டியவர் என்று பேர் வாங்கியவர் டைரக்டர். இன்று மூன்று மணிக்கு வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரில் ஒரு குப்பியைத் திறந்து எந்திரத்தில் விட வேண்டும். ஏற்பி உயிரோடு இருந்தால் திரையில் கோடு ஏறும். ஏறினால், புதிதாகக் கட்டுகிற ஆராய்ச்சி மையம் முழுவதும் அவர் கைக்கு வரும். ஏறாவிட்டால், இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் புளுகு என்று அதே குழு எழுதிவிட்டுப் போகும்.

ஒரு வாரமாக எந்தக் குப்பியைத் திறந்தாலும் கோடு படுத்துக் கிடந்தது. யாரோ ஃப்ரீசரிலிருந்து குப்பிகளை எடுத்து வெயிலில் வைத்துக் கொல்கிறார்கள், ஆளைப் பிடித்துக் கொடுங்கள் என்று ஊசியிடம் வந்தவர் டைரக்டரேதான்.

*

ஊசி அவனை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு காபி எந்திரம் இருந்தது. அதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே திரவம்தான் வந்தது.

"முட்டையோட வெள்ளைக்கருவை அடிச்சா என்ன ஆகும் பஞ்சு?"

"பசிக்கும் மேடம்."

"நுரைக்கும். ஏன்?"

"அதோட குணம்."

"புரோட்டீனோட குணம். தண்ணியில புரோட்டீன் இருந்து, அதைப் பலமா ஆட்டினா நுரைச்சுத்தான் ஆகணும். உயிரோட இருந்தாலும் நுரைக்கும், செத்துட்டாலும் நுரைக்கும். அந்தக் குப்பியில ரிசெப்டருக்குத் துணையா இன்னொரு புரோட்டீனை வேற தாராளமா சேர்க்கறாங்கன்னு நேத்து சொன்னாங்க. நீ ஆட்டின ஆட்டுக்குக் குப்பி முழுக்க நுரை நிக்கணும். நின்னுச்சா?"

பஞ்சு யோசித்தான். குப்பி கண் முன்னால் வந்தது. ஒரு குமிழி எழும்பி, உடனே உடைந்துபோன தெளிந்த தண்ணீர்.

"இல்லை மேடம்."

"அப்ப உள்ளே இருந்தது வெறும் உப்புத் தண்ணி. யாரும் எதையும் கொல்லலை. நல்ல குப்பியை எடுத்துட்டு, அதே லேபிளை ஒட்டி வேற குப்பி வெச்சிருக்காங்க. இது கொலை கேஸ் இல்லை, கடத்தல் கேஸ்."

"இத்தனை படிச்சவங்க இருக்காங்க. ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா?"

"ஆட்டக் கூடாதுன்னு படிச்சவங்க ஆட்டிப் பாப்பாங்களா? உள்ளங்கையில வெச்சு உருட்டுவாங்க, பிறந்த குழந்தை மாதிரி ஐஸ்ல படுக்க வைப்பாங்க. கோடு ஏறலைன்னா செத்துடுச்சேன்னு அழுவாங்க. உள்ளே ஆள் இருக்கான்னு கேக்க மாட்டாங்க. லேபிள்தான் இருக்கே! எடுத்தவங்களுக்கு அந்தத் தைரியம். இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் இதைக் குலுக்க மாட்டாங்கன்னு நிச்சயமா தெரியும். நீ ஒருத்தன் வந்து தொலைவேன்னு தெரியலை."

"பாராட்டா எடுத்துக்கறேன். யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

ஊசி காகிதக் கோப்பையைப் பிழிந்து குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"மாமியார் உடைச்சா மண்குடம்னு ஒரு பழமொழி சொல்வாங்களே, அதோட பாதி என்ன?"

"மருமக உடைச்சா பொன்குடம்."

"நீ பொன்குடத்தை உடைச்சே. ஊரே கத்துச்சு. ஸ்டூல் விழுந்துச்சு. மூடியை அழுத்தி மூடினதுக்கே நேத்து அந்தப் பொண்ணை அழ வெச்ச மாமியார், உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"போனது போச்சு விடுங்கன்னு..." பஞ்சு பாதியில் நிறுத்தினான்.

"குழந்தையைத் தூக்கிப் போட்டா பெத்தவ கத்தணும். கத்தலைன்னா, கீழே விழுந்தது பொம்மைன்னு அவளுக்குத் தெரியும்."

பஞ்சுவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. திட்டாமல் விட்டாளே என்று அவளைக் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் ஊசி. "நீ ஆட்டினப்போ எல்லாரும் உன் கையைப் பாத்தாங்க. டைரக்டர் மட்டும் தண்ணியோட மேல்மட்டத்தைப் பாத்தார். நுரையைத் தேடினார். அது இல்லைன்னதும் பேயடிச்ச மாதிரி ஆயிட்டார். அப்படித் தேடணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய விஞ்ஞானியாச்சே."

"மத்தவங்களும்தான் விஞ்ஞானி. பாம்பின் கால் பாம்புக்குத்தான் தெரியும் பஞ்சு. வா."

*

குளிர் அறையில் மாமியார் தனியாக இருந்தாள். கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. மதியத்துக்கு வேண்டிய ஐஸை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். பஞ்சுவுக்கு உள்ளே போனதும் பல் தந்தியடித்தது.

"நுரைக்கலைங்க" என்றாள் ஊசி, கதவைச் சாத்திக்கொண்டு.

ஐஸ் அள்ளுகிற கை நின்றது. மறுக்கப் போகிறாள் என்று பஞ்சு நினைத்தான். அவள் கரண்டியை வாளியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிடிபட்டவளின் முகமாக அது இல்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வைத்தீர்கள் என்று கேட்கிற முகமாக இருந்தது.

"மூணு மணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. அதுக்கப்புறம் போலீஸோ யாரோ, எங்கே வேணாலும் கூட்டிட்டுப் போங்க. நானே வரேன்."

"எதுக்கு மூணு மணி?"

"அந்த ஆள் நிக்கணும். குழுவுக்கு முன்னாடி, கோடு ஏறாத திரைக்குப் பக்கத்துல, பதில் சொல்லத் தெரியாம நிக்கணும். என் தம்பி நின்ன அதே ஹால்ல நிக்கணும். அதை நான் கண்ணாலே பாக்கணும்."

தம்பி. பஞ்சு ஊசியைப் பார்த்தான். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ரிசெப்டரை முதல்ல செஞ்சது என் தம்பி" என்றாள் மாமியார். "இந்த ஆள் அப்ப டைரக்டர் இல்லை, அவனோட மேலதிகாரி. ராத்திரி பகல்னு பாக்காம என் தம்பி ஜாடியிலே செல் வளர்த்தான். கோடு ஏறுச்சு. எனக்குப் போன் பண்ணி, 'அக்கா, ஏறிடுச்சுக்கா'ன்னு கத்தினான். காது வலிச்சுது எனக்கு. குழு வந்துச்சு. குழுவுக்கு முன்னாடி திறந்த குப்பி எதுலயும் ஒண்ணுமே இல்லை. தட்டையா கிடக்குது கோடு. பொய்க் கணக்கு எழுதினவன்னு பட்டம் கட்டி அனுப்பினாங்க. அடுத்த வருஷம் அதே ரிசெப்டரை இந்த ஆள் 'கண்டுபிடிச்சார்'. மாலை போட்டாங்க."

"குப்பியை மாத்தினது அவர்தான்னு எப்படித் தெரியும்?"

"தம்பி சொன்னான். யாரும் நம்பலை. நான் நம்பினேன்." அவள் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் இப்ப ஒரு மீன் குளிர்கிடங்குல பெட்டி தூக்கறான். ஆராய்ச்சின்னு யாராவது சொன்னா எழுந்து வெளியே போயிடுவான். கல்யாணப் பேச்சு நின்னுபோச்சு. எங்கம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேந்தாங்க. நான் கட்டிக்கிட்டுப் போன வீட்டுப் பேரோட இங்கே வேலைக்கு வந்தேன். அக்கான்னு யாருக்கும் தெரியாது. இந்த ஆளுக்குக் காலையில வணக்கம் சொல்லி, பிறந்தநாளுக்குக் கை தட்டி, அவர் கேக்கறதுக்கு முன்னாடி ஐஸ் கொண்டு போய் வெச்சேன். ஒவ்வொரு தடவை சிரிச்சப்பவும் உள்ளே எரிஞ்சுது. பெரிய குழு ஒண்ணு வரட்டும்னு காத்திருந்தேன். அவர் என் தம்பிக்குக் கொடுத்த உப்புத் தண்ணியை அவருக்கே கொடுத்தேன். ஒரு சொட்டு அதிகமாவும் கொடுக்கலை, ஒரு சொட்டு குறைச்சும் கொடுக்கலை."

அவள் குரல் நடுங்கவில்லை. பஞ்சுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

"நல்ல குப்பியெல்லாம் எங்கே?" என்றாள் ஊசி.

"அதே ஃப்ரீசர்ல, அடித்தட்டுல. 'எலி மூத்திரம்'னு எழுதின டப்பாவுக்குள்ள. அந்த டப்பாவை யாரும் திறக்க மாட்டாங்க."

"நான் திறக்கவே மாட்டேன்" என்றான் பஞ்சு.

"ஏன் வெச்சிருக்கீங்க? பழி வாங்கறவங்க தொட்டியில ஊத்திட்டுப் போயிருக்கலாமே?" என்றாள் ஊசி.

மாமியார் முதல் தடவையாகத் தடுமாறினாள். வாளியைப் பார்த்தாள். "ஊத்தத்தான் போனேன். மூடியைக்கூடத் திறந்துட்டேன். மனசு வரலை. என் தம்பி வளர்த்த செல்லோட வழியில வந்ததுங்க அது."

"உங்களுக்கே மனசு வரலை" என்றாள் ஊசி மெதுவாக. "அவருக்கு வந்திருக்குமா? உங்க தம்பியோட நல்ல குப்பியை எல்லாம் ஊத்தியிருந்தா, அடுத்த வருஷம் எதைப் பக்கத்துல வெச்சு, நம்ம சரக்கு சரியா இருக்கான்னு ஒப்பிட்டிருப்பார்? ஒண்ணாவது வெச்சிருப்பார். இந்தத் தொழில்ல உயிரோட இருக்கிற குப்பியை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. அது கையில கிடைச்சா உங்க தம்பி குப்பின்னு அடையாளம் சொல்ல முடியுமா?"

மாமியார் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"ஃப்ரீசர்ல லேபிள் உரிஞ்சுபோயிடும், மை அழிஞ்சுபோயிடும்னு அவனுக்கு எப்பவும் பயம். என் நெயில் பாலிஷைத் திருடிட்டுப் போய்ட்டான். கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு குப்பிக்கும் அடியில ஒரு பொட்டு வெச்சிடுவான். அவனைத் தவிர யாரும் அப்படிச் செய்யறதில்லை. குப்பி எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கும், அடியை யாரு பாக்கப் போறா?"

"அந்த பாலிஷ் இன்னும் இருக்கா?"

"வீட்டைக் காலி பண்ணினப்போ அவன் சட்டைப் பையில கிடந்துச்சு. அன்னைலேருந்து என் கைப்பையிலேயே இருக்கு. உள்ளே கல்லா இறுகிடுச்சு."

"மூணு மணிக்கு அதோட வாங்க" என்றாள் ஊசி.

*

டைரக்டரின் அறையில் ஊசி உட்காரவில்லை.

"குப்பியெல்லாம் தண்ணி சார். மாத்தியிருக்காங்க."

"தெரியும்" என்று வாய் தவறிச் சொன்னவர், "அதாவது, காலையில பாத்ததும் சந்தேகப்பட்டேன்" என்று திருத்திக்கொண்டார். "யாரு?"

"மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஆனா உங்க குப்பி அதுக்குள்ள உங்க கைக்கு வராது. அதை வாங்கித் தர என்னால முடியாது."

"அப்ப நான் என்ன பண்றது? போய்க் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறதா?"

"ஒரே ஒரு நல்ல குப்பிகூட இல்லையா சார்? வேற எங்கேயாவது? பழசா இருந்தாலும்?"

பஞ்சு கவனித்தான். டைரக்டரின் கண் ஒரு நொடி புத்தக அலமாரிக்குக் கீழே போய்விட்டு வந்தது. அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன ஃப்ரீசர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"பாக்கறேன்" என்றார்.

வெளியே வந்ததும் பஞ்சு கொதித்தான். "என்ன மேடம் இது? அந்தம்மா நெருப்பை விழுங்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க இவருக்குத் தப்பிக்க வழி சொல்லிக் கொடுத்துட்டு வரீங்க!"

"வழிதான் சொன்னேன். அது எங்கே போய் முடியும்னு அவர் கேக்கலை."

*

ஹாலில் குழுவினர் நீள மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் வயதானவர். மாமியாரின் தம்பியை விசாரித்த குழுவிலும் அவர்தான் தலைவர் என்று ஊசி பஞ்சுவின் காதில் சொன்னாள். ஆராய்ச்சிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். நாற்காலி கிடைக்காமல் பஞ்சு முன்வரிசையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

டைரக்டர் ஐஸ் பெட்டியோடு வந்தார். கம்பீரம் திரும்பியிருந்தது. தன்னுடைய குப்பிகளை யாரோ நாசம் செய்துவிட்டதாகவும், ஆனாலும் தன் சொந்த சேமிப்பிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, பக்குவமாக உருட்டி இளக்கினார். உறைந்தது கரைந்ததும் எல்லாரும் பார்க்கும்படி இரண்டு விரலால் உயரே தூக்கிப் பிடித்தார்.

தரையில் இருந்த பஞ்சுவுக்குக் குப்பியின் அடி தெரிந்தது. நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.

"மேடம்" என்றான் அவன். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

ஐஸ் வாளியோடு நின்றிருந்த மாமியாருக்கு ஊசி கண்ணைக் காட்டினாள். மாமியார் வாளியைக் கீழே வைத்தாள். மேஜைக்கு நேராக நடந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு குட்டிப் புட்டியை எடுத்துத் தலைவருக்கு முன்னால் டக்கென்று வைத்தாள்.

"ஐயா, அந்தக் குப்பியோட அடியைப் பாருங்க. இந்த நெயில் பாலிஷ்தான் அது. என் தம்பி வெச்ச பொட்டு. இதே ஹால்ல, இதே மேஜையில, நீங்க வெறும் தண்ணின்னு சொல்லித் துரத்தினீங்களே, அவனோட குப்பி. உங்களுக்குத் திறந்து காட்டினது தண்ணி. நிஜம் இவர் ஃப்ரீசர்ல இருந்திருக்கு."

ஹாலில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. டைரக்டர் கையைத் தாழ்த்தவில்லை. "அவனுக்கு நீங்க யாரு?" என்றவர் குழுவிடம் திரும்பி, "இவங்க என் இன்சார்ஜ், இவங்களுக்கு ஏதோ..." என்று இழுத்தார்.

"அவன் அக்கா" என்றாள் அவள். "இத்தனை வருஷம் உங்களுக்கு ஐஸ் அள்ளிப் போட்டது அவன் அக்கா. இப்ப எந்திரத்துல விடுங்க சார். விட்டுக் காட்டுங்க. கோடு ஏறினா நீங்க திருடன். ஏறலைன்னா புளுகன். எதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் நின்னு கேக்கறேன்."

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. பஞ்சுவுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

டைரக்டரின் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். ஆனால் நடுக்கம் இப்படி மேலும் கீழுமாகத் தாளம் போடாது. குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவர் குலுக்கினார். பலம் கொண்ட மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கினார். உள்ளே இருப்பது செத்துவிட்டால் கோடு ஏறாது, பொட்டை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. திருடனாவதைவிடத் தோற்றவனாகிவிடுவது மேல் என்று முடிவு செய்துவிட்டார். நுரை காட்டிக் கொடுத்துவிடும் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கே மறந்துபோயிற்று.

"ஆட்டாதீங்க!"

மாமியார் கத்தினாள். காலையில் வராத கத்தல் இப்போது வந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறவளின் கத்தல். "ஐயோ ஆட்டாதீங்க! செத்துடும்! செத்துடும் சார்!" பழி, கணக்கு, காத்திருந்த வருஷங்கள் எல்லாவற்றையும் மறந்து மேஜையைச் சுற்றி ஓடி, இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். குப்பியைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

தலைவர் எழுந்து வந்து கையை நீட்டினார். அவள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

குப்பியின் கழுத்து வரைக்கும் நுரை நின்றது. வெள்ளைவெளேரென்று, உடையாமல், அசையாமல் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தத் தொழில்காரர்கள். நுரைக்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு நாங்க யாரும் ஆட்டிப் பாக்கலை" என்றார் தலைவர். வேறு யாரிடமும் இல்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

நுரைக்கு அடியில் மிச்சமிருந்த தெளிவை எடுத்து அவரே எந்திரத்தில் விட்டார். திரையில் கோடு வெகு நேரம் படுத்துக் கிடந்தது. பிறகு நொண்டி நொண்டி ஏறத் தொடங்கியது. பாதிதான் பிழைத்திருந்தது, ஆனாலும் ஏறியது. டைரக்டர் திரையைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, பதில் சொல்லத் தெரியாமல், அவள் நினைத்த அதே இடத்தில் நின்றார்.

"ரெண்டு திருடங்களைக் கண்டுபிடிச்சிருக்கேன் சார்" என்றாள் ஊசி அவரிடம். "நீங்க ஒருத்தரைத்தான் கேட்டீங்க."

மாமியார் இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னாள். குப்பிகள் இருக்கும் டப்பாவின் பெயரைச் சொன்னபோது, அதைப் போய் எடுத்து வர ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் பஞ்சுதான் போக வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது கை குலுங்காமல் இருக்க, இரண்டு கையாலும் பிடித்து, கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தான்.

அவன் திரும்பியபோது அவள் தாழ்வாரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் குளிர்கிடங்கின் இரைச்சல். பெட்டி இழுபடும் சத்தம். அந்த இரைச்சலை மீறிக் கேட்பதற்காக அந்தப் பக்கத்துக் குரல் கத்திப் பேசியது. ஆகவே பஞ்சுவுக்கும் எல்லாம் கேட்டது.

"தம்பி" என்றாள் அவள். "உன் குப்பி கிடைச்சுதுடா. எல்லார் முன்னாடியும் கோடு ஏறுச்சு. அந்த ஆள் நின்னாருடா, நீ நின்ன இடத்துல. குப்பியை ஆட்டினாரு, கழுத்து வரைக்கும் நுரை..."

மறுமுனையில் பெட்டி இழுபடும் சத்தம் நின்றது. அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"ஆட்டினாரா?" என்றது அந்தக் குரல், பல வருஷக் கோபத்தோடு. "அதை எதுக்குக்கா ஆட்ட விட்டே? ஆட்டவே கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"